நாற்பது பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் நான் பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் ஓர் அச்சுக்கோப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஈய எழுத்தெல்லாம் இல்லை, கம்ப்யூட்டரில் செய்கிற அச்சுக்கோப்பு. பிரான்சிலிருந்து மருத்துவ இதழ்களுக்கான கட்டுரைகள் இன்டர்நெட் வழியாக வரும். கீழே நாங்கள் இருபத்துநான்கு பேர் பக்கம் அமைப்போம், ஸ்டோர்ஸை ஒருவர் பார்த்துக்கொள்வார். மாடியில் பதினைந்து பேர் பிழை திருத்துவார்கள். பிறகு வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவோம். சிறுநீரகம், கல்லீரல், முழங்கால் மூட்டு என்று மனித உடம்பின் அத்தனை உறுப்பும் எங்கள் கை வழியாகப் போனது. அதில் ஒன்றைப் பற்றியும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நாற்பது பேரும் கம்ப்யூட்டருக்குள் ஒரே பெயரில்தான் நுழைவோம். பாஸ்வேர்டும் ஒன்றுதான். அது தண்ணீர் டிரம்முக்கு மேலே இருந்த கரும்பலகையில் எழுதியிருக்கும். கூட்டிப் பெருக்கும் அக்கா தினமும் பலகையைத் துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டுத் துடைப்பார்.

முதலாளிக்குப் பேச்சுச் சத்தம் ஆகாது. அவர் சின்ன வயதில் பிரான்சில் படித்தவர். அங்கே நூலகங்களில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது என்பார். அதனால் கீழே இருப்பவர்கள் மாடிக்குப் போகக் கூடாது, மாடியில் இருப்பவர்கள் கீழே வரக் கூடாது, யாரும் யாரோடும் பேசக் கூடாது. ஆனால் ஒரே ஃபைலைக் கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் திறக்க முடியும். இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. கட்டுரையின் நடுவில் ஒரு வரி தட்டி, சேமித்து வைத்தால், மேலே இருப்பவர் ஃபைலை மறுபடி திறந்து படித்துவிட்டு, கீழே ஒரு வரி பதில் எழுதுவார். பிறகு இரண்டையும் அழித்துவிட வேண்டும்.

மாடியில் பிழை திருத்தும் பெண் ஒருத்தி இருந்தாள். சாரம் பகுதியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். நானும் அவளும் மதியச் சாப்பாட்டுக்கு எப்போது போவது என்பதை இந்த வழியில்தான் பேசி வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மெஸ் இருந்தது. அங்கே போய் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்போதைக்கு அவ்வளவுதான்.

ஒருநாள் சிறுநீரகக் கல் பற்றிய கட்டுரை. கல் எந்த இடத்தில் இருந்தது, எப்படி எடுத்தோம் என்று ஒரு டாக்டர் விவரித்திருந்தார். அதற்கு நடுவில் நான் ஆங்கில எழுத்தில் ‘சாப்ட போலாமா’ என்று தட்டினேன். அவள் ‘பன்னெண்டே முக்கால்’ என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டேன். பிறகு என்ன நடந்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் வரியை அவள் அழித்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் தன் வரியை மட்டும் அழித்தாள். “அவங்கவங்க எழுதினத அவங்கவங்கதான அழிக்கணும்” என்பது அவள் கட்சி. “பிழை திருத்துறவங்க வேலையே அதான” என்பது என் கட்சி.

கட்டுரை போய்விட்டது. நான்கு நாள் கழித்து பிரான்சிலிருந்து கேள்வி வந்தது. இந்த ‘சாப்ட போலாமா’ என்ற அறுவை முறைக்கு அடிக்குறிப்பு எங்கே என்று ஆசிரியர் குழு கேட்டிருந்தது. கட்டுரையை எழுதிய டாக்டரையும் கேட்டிருக்கிறார்கள். தான் அப்படி ஒரு முறையைக் கேள்விப்பட்டதில்லை, விவரம் கிடைத்தால் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன் என்று அவர் பதில் போட்டிருக்கிறார். அதன் பிறகுதான் அங்கே யாரோ ஒரு தமிழ்க்காரரிடம் காட்டியிருக்கிறார்கள்.

முதலாளி எங்கள் எல்லோரையும் கீழே கூப்பிட்டு நிற்கவைத்தார்.

“யாரு எழுதினது?”

நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். தரையில் மொசைக் போட்டிருந்தது.

“யாருன்னு கண்டுபுடிக்க முடியாதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பதும், வயர் பிடுங்கிக்கொண்டால் மாட்டுவதும் நான்தான். அதனால் அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர்.

“முடியாது சார். எல்லாரும் ஒரே பேர்ல போறோம். யாரு பண்ணாலும் ஒரே பேர்தான் வரும்” என்றேன். என் வாழ்நாளில் ஒரு உண்மையை அவ்வளவு நிம்மதியாகச் சொன்னதில்லை.

பிரான்ஸ் கம்பெனி நிபந்தனை போட்டது. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார்கள் என்ற பதிவு. யாருக்கு எதைத் திறக்க உரிமை என்ற கட்டுப்பாடு. இதையெல்லாம் செய்யும் விர்ச்சுவல் அப்ளையன்ஸ் ஒன்றை இரண்டு மாதத்துக்குள் நிறுவ வேண்டும். அப்புறம் அவர்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார். இல்லையென்றால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும்.

முதலாளி என் தோளில் கை வைத்தார். “தம்பி, இத நீதான் பண்ணணும். இனிமே எவனும் திருட்டுத்தனம் பண்ண முடியாத மாதிரி பண்ணிடு.”

“சரி சார்” என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். எல்லோருக்கும் அவர் ‘மதாம்’தான். அலுவலகத்துக்குள் வரும் எந்தச் சாமானுக்கும், ஸ்டேப்ளர் ஆனாலும் சரி, சிவப்புப் பெயின்டில் ஒரு எண் எழுதாமல் உள்ளே விடமாட்டார். அப்ளையன்ஸ் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஒரு ரேக்கைக் காலி செய்து துடைத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எவ்ளோ பெருசு இருக்கும்? எங்க வூட்டு ஃப்ரிட்ஜ் அளவு இருக்குமா? ஸ்டெபிலைசர் வேணுமா?”

“அது டவுன்லோடு மதாம். இன்டர்நெட்ல வரும். பெட்டியெல்லாம் கெடையாது.”

“அப்ளையன்ஸ்னு போட்டுருக்கே?”

“விர்ச்சுவல் அப்ளையன்ஸ்.”

மதாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “விர்த்துயேல்” என்று பிரெஞ்சு உச்சரிப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “விர்த்துயேல்னா நெசமா இல்லாததுன்னு அர்த்தம் தம்பி. இல்லாத சாமான எப்படி ஸ்டாக்ல ஏத்தறது? நம்பர எதுமேல எழுதறது?”

நான் விளக்க முயன்றேன். ஒரு பெரிய வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுவது மாதிரி, நம்ம சர்வருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் குடியிருக்கும், அதற்கென்று தனி உடம்பு கிடையாது, ஆனால் தனி ஆள் என்று சொன்னேன்.

“குடியிருக்கறவங்களுக்கு ரேஷன் கார்டாவது இருக்கும்” என்றார் மதாம்.

கடைசியில் ஒரு வழி செய்தோம். அப்ளையன்ஸ் இறங்கி முடிந்தது என்று திரையில் வந்த அறிவிப்பை பிரிண்ட் எடுத்தேன். அதை ஒரு காலி மானிட்டர் அட்டைப்பெட்டிக்குள் போட்டு ஒட்டினோம். பெட்டிமேல் மதாம் சிவப்புப் பெயின்டில் எண் எழுதினார். பெட்டி ரேக்கில் ஏறியது. கனம் இல்லாததால் ஃபேன் காற்றில் தள்ளிப் போகாமல் இருக்க உள்ளே இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரி வைத்தோம்.

அப்ளையன்ஸை இன்டர்நெட்டிலிருந்து இறக்கவே ஒன்றரை நாள் ஆனது. அப்போதைய பிராட்பேண்டு அப்படி. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இறக்கிய பிறகு சர்வரில் மெமரி போதவில்லை. இரண்டு பேருடைய கம்ப்யூட்டரைத் திறந்து அதிலிருந்த மெமரியைக் கழற்றிச் சர்வரில் மாட்டினேன். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு ஃபைலைத் திறக்கக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வர முடிந்தது. அவர்கள் குறை சொல்லவில்லை.

நிறுவும்போது திரை வரிசையாகக் கேள்வி கேட்டது. பெயர் என்ன, முகவரி எண் என்ன, எந்த மொழி, எந்த நாட்டு நேரம். எனக்குத் தெரிந்த இரண்டுக்குப் பதில் எழுதினேன். தெரியாததுக்கெல்லாம் என்டர் தட்டினேன். எல்லாவற்றுக்கும் அது ‘சரி’ என்றது. இவ்வளவு இணக்கமான மெஷினை நான் பார்த்ததில்லை.

பிறகுதான் கஷ்டமான பகுதி. நாற்பது பேரையும் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். கீழே பக்கம் அமைப்பவர்கள் ஒரு குழு. மாடியில் பிழை திருத்துபவர்கள் ஒரு குழு. கீழ்க்குழு வேலையை முடித்து அனுப்பிய பிறகுதான் மேல்குழு ஃபைலைத் திறக்க முடியும். அப்படித் திறந்துவிட்டால் கீழ்க்குழுவுக்கு அது மூடிக்கொள்ளும். அவள் பெயரை மேல்குழுவில் சேர்த்துவிட்டு, என் பெயரைக் கீழ்க்குழுவில் சேர்த்துவிட்டு, சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவில் சுவர் எழுப்ப மேஸ்திரி வேறு யாரும் கிடைக்காமல் நானே கரண்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. நிர்வாகி என்ற முறையில் எனக்கு மட்டும் எல்லா ஃபைலும் திறக்கும்படி ஒரு உரிமை கொடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். தொட்டேன், எடுத்தேன், மறுபடி தொட்டேன், எடுத்துவிட்டேன். அது நேர்மையா பயமா என்று கேட்டால், பயம்தான். பதிவில் ஏறுமே.

கடைசியாக முதலாளி சொன்னபடி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரைதான் யாரும் உள்ளே நுழையலாம் என்று நேரக் கட்டுப்பாடு போட்டேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு சீட்டில் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தேன். கரும்பலகையிலிருந்த பழைய பாஸ்வேர்டை நானே துடைத்தேன். பெருக்கும் அக்கா பார்த்துவிட்டு, “அய்யோ, அத ஏம்பா அழிச்ச? நா திட்டு வாங்கணுமே” என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. நாற்பது பேர் பெயரும் பாஸ்வேர்டும் தட்டினார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பதில் வந்தது. அனுமதி இல்லை.

சீட்டைச் சரிபார்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பார்த்தேன். சர்வர் அறையில் போய் உட்கார்ந்தேன். நிர்வாகி திரை மட்டும் எனக்குத் திறந்தது. அதில் எல்லாம் பச்சை விளக்காக இருந்தது. மூலையில் மூன்று மணி நாற்பது நிமிடம் என்று காட்டியது. மெஷின் ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு எல்லோரும் வெளியே வந்து படிக்கட்டிலும் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள். கீழ்க்குழுவும் மேல்குழுவும் கலந்து பேசிய சத்தம் அடுத்த தெருவரை கேட்டது. யாரோ எங்கிருந்தோ கேரம் போர்டு கொண்டுவந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு பிரான்சில் அலுவலகம் திறந்ததும் போன் வந்தது. காலையில் வர வேண்டிய பக்கங்கள் எங்கே என்று கேட்டார்கள். முதலாளி பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, தமிழில் என்னிடம் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம்.

மதாம் மட்டும் வெளியே போகவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும். நான் திறந்துவிடுவேன். மறுபடி பூட்டிக்கொள்ளும்.

“பேதுரு இயேசுவ மறுதலிச்ச மாதிரி மூணு தடவ மறுதலிக்குது தம்பி. சேவல்தான் இன்னும் கூவல.”

இரண்டரை மணிக்கு நான் சர்வரின் பின்னால் மண்டிபோட்டு, ஒரு வயரைப் பிடுங்கி அதே இடத்தில் திரும்பச் சொருகினேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. முன்னறையில் மதாம் கத்தினார்: “தெறந்துடுச்சு!”

எல்லோரும் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் திறந்தது. முதலாளி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இன்னா பண்ண?” என்றார்.

“ஒரு சின்ன கனெக்‌ஷன் பிரச்சன சார்” என்றேன். வயர் இன்னும் என் கையில் இருந்தது. நாற்பது பேர் கை தட்டினார்கள். எனக்கே அது உண்மை என்று தோன்றத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி. அனுமதி இல்லை.

முதலாளி நிதானமாக வந்தார். “நேத்து இன்னா பண்ணியோ அதையே பண்ணு” என்றார்.

நான் மண்டிபோட்டு வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஒன்றும் ஆகவில்லை. வேறு வயரைச் சொருகினேன். எல்லா வயரையும் சொருகினேன். வெளியே கேரம் தொடங்கிவிட்டது. இந்த முறை இரண்டு போர்டு. முதலாளி நாற்காலி போட்டு எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு வயருக்கும், “இதுவா?” என்று கேட்டார். “இது இல்ல சார்” என்றேன்.

பதினொரு மணி சுமாருக்கு அவள் சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள். மாடிக்காரர்கள் கீழே வரக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

அவள் என்னைப் பார்த்து, “நேத்து ரெண்டரைக்கா தெறந்துச்சு?” என்றாள்.

“ஆமா.”

“ஒம்பதுக்கும் ரெண்டரைக்கும் அஞ்சரை மணி நேரம். எங்க அண்ணன் லண்டன்ல இருக்காரு. குளிர்காலத்துல போன் பண்ணா அஞ்சரை மணி நேரந்தான் வித்தியாசம். இந்த மெஷின் அந்த ஊரு டைம்ல ஓடுதோ?”

நான் திரையின் மூலையைப் பார்த்தேன். ஐந்தரை என்று காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. மெஷின் ஓட ஆரம்பித்து எத்தனை மணி நேரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மெஷினின் கடிகார மணிதான். அதற்கு இன்னும் விடியவே இல்லை. ஒன்பது மணி ஆகட்டும், அப்புறம் ஆபீசுக்கு வாருங்கள் என்று அது விதிப்படி நடந்திருக்கிறது. நான் போட்ட விதி.

நாட்டின் நேரத்தை மாற்றி, மெஷினை அணைத்துப் போட்டேன். திறந்தது. முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப நேத்து அந்த வயரு?” என்றார்.

“அதுவும் கொஞ்சம் லூசாத்தான் சார் இருந்துச்சு.”

அன்று மெஸ்ஸில் அவள் சிரித்து முடிக்கும்வரை சாம்பார் ஆறிப்போனது. ஃபைல் வழி மூடிவிட்டதால் இப்போது எப்போது சாப்பிடப் போவது என்று கேட்க வழியில்லை என்று நான் சொன்னேன். “தெனம் பன்னெண்டே முக்கால்தான. அத எதுக்கு தெனம் கேக்கணும்?” என்றாள். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் மதாம் என்னை ஸ்டோர்ஸுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். மேசைமேல் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. பேனா, தாள், மவுஸ் எது வேண்டுமென்றாலும் நாங்கள் மதாமுக்கு ஆங்கில எழுத்தில் தமிழாக மெயில் அனுப்புவோம். அவர் ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்துத் துளை போட்டுக் கோத்து வைத்திருந்தார். மூன்று வருடத்து மெயில்.

“தம்பி, அந்த சாப்ட போலாமா நீதான எழுதின?”

மதாம் கட்டைப் புரட்டினார்.

“எல்லாரும் ஆ-வுக்கு இங்கிலீஷ்ல ஒரு ஏ போட்டு வுட்டுருவாங்க. பேனாக்கு, தாளுக்கு, எல்லாத்துக்கும் ரெண்டு ஏ போடற ஆளு இந்த ஆபீஸ்லயே நீ ஒருத்தன்தான். அந்த வரிலயும் ரெண்டு ரெண்டு ஏ. பாரு, ‘penaa venum’. இது போன வருஷம். இது அதுக்கு முந்தின வருஷம். பிரான்ஸ்லேர்ந்து அந்தப் பேப்பர் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

இரண்டு மாதம் உழைத்து, ஒன்றரை நாள் இறக்கி, இரண்டு பேருடைய மெமரியைப் பிடுங்கி நான் கட்டிய பதிவு முறையால் கண்டுபிடிக்க முடியாததை ஒரு துளைபோட்ட ஃபைல் கண்டுபிடித்திருந்தது.

“சார்கிட்ட சொல்லிட்டீங்களா மதாம்?”

“நா எதுக்குச் சொல்றேன்? நீயே போய்ச் சொல்லு. சாமியார்கிட்ட பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்த அடுத்தவங்க பண்ண முடியுமா?”

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போனேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சில் பாதியை மறந்துவிட்டேன். “சார், அந்த சிறுநீரகக் கல்லு கட்டுரைல எழுதினது நான்தான் சார்” என்று மட்டும் வந்தது.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கோபப்படவில்லை. அலுப்பாக இருந்த மாதிரி இருந்தது.

“இப்ப வந்து சொல்றியே. நா உன்ன எப்பவோ வேலைய வுட்டு நிறுத்திட்டேனே.”

எனக்குப் புரியவில்லை.

“யாரு பண்ணதுன்னு பிரான்ஸ்ல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆளக் கண்டுபுடிச்சு வேலைய வுட்டு நிறுத்திட்டோம்னு லெட்டர் போட்டுட்டேன். அப்பறம்தான் வுட்டாங்க. இப்ப நீதான்னு சொன்னா, நிறுத்தின ஆளு எப்படி உள்ள உக்காந்துருக்கான்னு கேப்பாங்க. போய் வேலையப் பாரு. யாருகிட்டயும் மூச்சு வுடாத.”

நான் வேலை போன ஆளாக வெளியே வந்து, என் இடத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

சோதனைக்காகப் பிரான்சிலிருந்து வந்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி. வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. மதாம் அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். “போன்ழூர்” என்று வரவேற்று, இரண்டு பேரும் பத்து நிமிடம் பிரெஞ்சில் பேசினார்கள். வந்தவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். ரேக்கில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். மதாம் நிமிர்ந்து நின்று விளக்கினார். அவர் பெட்டியை நெடுநேரம் பார்த்துவிட்டு, அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு சர்வர் அறையில் என்னோடு உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தார். முதல் திங்கட்கிழமை மதியம் இரண்டரை வரை ஏன் யாருமே வேலை செய்யவில்லை என்று கேட்டார். முதலாளி குனிந்து பிரெஞ்சில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: ‘சியெஸ்த்’, மதியத் தூக்கம். பாண்டிச்சேரியில் மத்தியானம் கடைகள் மூடிக் கிடப்பதை அந்த அம்மாள் முந்தின நாள் பார்த்திருக்கிறார் போல. புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார். காலை ஒன்பதிலிருந்தா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

கிளம்புவதற்கு முன் என்னிடம் திரும்பினார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

“அந்த வரியை எழுதி வேலையை இழந்த ஊழியர். அவரை உங்களுக்குத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும்.”

“நல்ல வேலைக்காரரா?”

முதலாளி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

“சுமாராக வேலை செய்வார்” என்றேன். பிறகு மனசு கேட்கவில்லை. “ஆனால் நேரத்துக்கு வருவார்.”

“இப்போது என்ன செய்கிறார்?”

“கம்ப்யூட்டர் வேலைதான். பக்கத்தில்தான்.”

அவர் முகம் வாடியது. முதலாளியிடம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். அதை அவர் போன பிறகு மதாம் எனக்கு மொழிபெயர்த்தார். கட்டுரை எழுதிய டாக்டர் அந்த வரியைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டாராம். அவருடைய ஆஸ்பத்திரியில் மதியம் சாப்பிடப் போகும்போது டாக்டர்கள் எல்லோரும் இப்போது அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார்களாம். இதற்காக ஒரு மனிதனின் பிழைப்பு போனது அவர்களுக்கு வருத்தமாக இருக்கிறதாம். முடிந்தால் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்த்ததற்கான கடிதத்தின் நகலைத் தனக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம்.

முதலாளி ஒருநாள் முழுக்க யோசித்தார். பிறகு எனக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுத்தார். நான் விட்டுப் போகாத வேலையில் என்னை மறுபடி சேர்த்துக்கொள்வதாக அதில் இருந்தது. நகல் போனால்தானே ஒப்பந்தம் நிலைக்கும் என்றார். கடிதத்தில் இருக்கும் பெயர் என்னுடையதுதானே, பிரான்ஸ் அம்மாளுக்கு என் பெயர் தெரியுமே என்று கேட்டேன். நிர்வாகி என்றுதான் அறிமுகப்படுத்தினேன், பெயரைச் சொல்லவே இல்லை என்றார். அவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

மதாம் விடவில்லை. கடிதம் இருக்கிறதென்றால் ஆள் புதுசு. நான் புதிதாக விண்ணப்பம் நிரப்பினேன். இரண்டு போட்டோ கொடுத்தேன். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற இடத்தில் இதே முகவரியை எழுதினேன். பழைய ஊழியர் வெளியேறியதால் அவருடைய பயனர் கணக்கை நீக்க வேண்டும் என்று மதாம் எனக்கே எழுத்தில் உத்தரவு கொடுத்தார். விதிப்படி நான் என்னை நீக்கினேன். பிறகு புதிய ஊழியர் ஒருவரை உருவாக்கினேன். நடுவில் இருந்த ஐந்து நிமிடம் அந்தக் கட்டடத்தில் நான் யாருமில்லை. அதைச் சொன்னபோது மாடிப் பெண், “அப்ப அந்த அஞ்சு நிமிஷம் கேரம் ஆடியிருக்கலாமே” என்றாள்.

பணிமூப்புப் பட்டியலில் நான் நாற்பதாவது ஆளானேன். தீபாவளி லீவு யாருக்கு முதலில் என்று பார்க்கும்போது எனக்குப் பின்னால் யாரும் இல்லை. எனக்குப் பிறகு சேர்ந்த அவள் இப்போது எனக்கு சீனியர். இதை அவள் இன்றும் சொல்லிக் காட்டுவதுண்டு. அடுத்த வருடம் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தபோது, வந்திருந்த பெரியவர்கள் முன்னாலேயே சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. என் அம்மா மட்டும், “வயசுலயா?” என்று கவலையாகக் கேட்டார்.

மூன்று வருடம் கழித்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். நேர்காணல் செய்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டினார்.

“இப்ப இருக்கற கம்பெனிக்கு முன்னாடி எங்க வேலை?”

“அதே கம்பெனிதான் சார்.”

“அங்கேர்ந்து ஏன் வந்தீங்க?”

“வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க.”

“எதுக்கு?”

“பாதுகாப்பு விதிய மீறினதுக்கு.”

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இங்க நீங்க கேக்கறதே பாதுகாப்பு வேலைதான?”

“ஆமா சார். அங்க அந்த சிஸ்டத்த வெச்சதும் நான்தான்.”

அவர் மணியடித்து இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “அவசரம் ஒண்ணும் இல்ல, மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார்.